கோட்டுக்கு வெளியே நிற்பவர் உள்ளே வந்தால்

பந்தோடு ஓடுகிறவரை, அந்த நேரம் விளையாடவே இல்லாத ஒருவர் மறித்தால் என்ன செய்வது? அமெரிக்கன் ஃபுட்பாலில் இதற்கான பதிலை 1954-லேயே ஒரு ரெஃபரி சொல்லிவிட்டார். பிறகு வந்தவர்களுக்குத்தான் அந்தத் தைரியம் இல்லை.

அந்த வருஷம் ஜனவரி 1, டல்லஸில் காட்டன் பவுல் ஆட்டம். ரைஸ் அணியின் டிக்கி மேகில் தன் பக்கத்து 5 யார்டு கோட்டிலிருந்து பந்தோடு பிய்த்துக்கொண்டு ஓடினார். முன்னால் யாருமில்லை. திடீரென்று அலபாமாவின் டாமி லூயிஸ் பெஞ்சிலிருந்து எழுந்து, தலையில் ஹெல்மெட் கூட இல்லாமல் பாய்ந்து அவரைச் சாய்த்தார். ரெஃபரி கிளிஃப் ஷா தயங்கவில்லை. மீதித் தூரத்தை மேகில் ஓடாவிட்டாலும் 95 யார்டு டச் டவுன் கொடுத்தார்.

இன்றைய என்.எஃப்.எல். விதிப்புத்தகத்திலும் இந்த அதிகாரம் இருக்கிறது. அப்பட்டமாக நியாயமில்லாத செயல் ஒன்று நடந்தால், ரெஃபரி மற்ற நடுவர்களோடு பேசி, நியாயம் என்று படுகிற எந்தத் தண்டனையையும் கொடுக்கலாம், டச் டவுன் உட்பட. இருந்து என்ன பயன்?

2013 நவம்பர் 28, தேங்க்ஸ்கிவிங் இரவு. ரேவன்ஸின் ஜக்கோபி ஜோன்ஸ் கிக் ஆஃப் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாகப் பறந்து வருகிறார். ஸ்டீலர்ஸ் கோச் மைக் டாம்லின் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெரிய திரையைப் பார்த்தபடி, நிற்கக்கூடாத வெள்ளைப் பட்டையில் நிற்கிறார். ஒரு கால் ஆடுகளத்துக்குள்ளேயே போய்விட்டது. கடைசி நொடியில் துள்ளி விலகினார். ஆனால் ஜோன்ஸ் வளைந்து ஓட வேண்டியிருந்தது, பின்னாலிருந்து பிடிபட்டார். 73 யார்டு ஓடியும் ரேவன்ஸுக்குக் கிடைத்தது 3 புள்ளிதான்.

ஒரு கொடியும் விழவில்லை! 15 யார்டு பெனால்டி கொடுத்திருக்க வேண்டும் என்று லீகே பிறகு ஒப்புக்கொண்டது. டாம்லினுக்கு 1,00,000 டாலர் அபராதம். அதில் ரேவன்ஸுக்கு என்ன கிடைத்தது? ஒரு யார்டு கூட இல்லை.

"ரேவன்ஸ்தானே ஜெயித்தது?" என்பீர்கள். 22-20. கடைசி நிமிஷங்களில் ஸ்டீலர்ஸ் டச் டவுன் போட்டு, 2 புள்ளிக்கு முயன்று தவறவிட்டதால் வந்த வெற்றி அது. அது விழுந்திருந்தால் ஆட்டம் சமன்.

2010 டிசம்பரில் இன்னும் மோசம். ஜெட்ஸின் உடற்பயிற்சி கோச் சால் அலோசி, ஓரமாக ஓடிவந்த டால்ஃபின்ஸின் நோலன் கரோலை முழங்காலை நீட்டி விழவைத்தார். அதுவும் ஆட்கள் ஓரத்தில் வரிசையாக நெருக்கி நிறுத்தப்பட்டிருந்த இடத்தில். அன்றைக்கும் கொடி இல்லை. அபராதமும் சஸ்பென்ஷனும் பிறகுதான்.

நடுவர்களுக்காகப் பேசுகிறவர்கள் சொல்வது, வேண்டுமென்று செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று அந்த வேகத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. எதற்குக் கண்டுபிடிக்க வேண்டும்? அதே வெள்ளைப் பட்டையில் நிற்கிற கோச் மேல் ஓடிவரும் நடுவர் மோதிவிட்டால், மனசுக்குள் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. 15 யார்டு, முடிந்தது. நடுவர் மேல் இடித்தால் உடனே தண்டனை, ஓடுகிறவரின் வழியை மறித்தால் செவ்வாய்க்கிழமை ஒரு கடிதமா?

நான் கேட்பது புது விதி அல்ல. ஆடாத ஒருவரால் ஓட்டம் கெட்டது என்று தெரிந்தால், அங்கேயே வீடியோவைப் பார்த்து, முன்னால் தடுக்க வேறு ஆள் இருந்தாரா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு கையையும் மேலே தூக்குங்கள், கிளிஃப் ஷா மாதிரி.