கை சொன்ன சாட்சி

விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவன மைதானமும் வியர்வையும் விசில் ஒலியும்தாம். இன்றோ நாற்காலியில் அமர்ந்து, திரையை நோக்கி, விரல்களால் ஆடும் ஆட்டமும் ஒரு தொழிலாகிவிட்டது. அதைக் காண அரங்குகளில் மக்கள் கூடுகின்றனர். 2023-ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் கணினி விளையாட்டுகளுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. "இதுவும் ஒரு பிழைப்பா?" என்று பெரியோர் கேட்பதும், "ஏன், இருக்கக் கூடாதா?" என்று இளையோர் கேட்பதும் பல வீடுகளில் நடக்கும் வழக்கு. அவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. அத்தொழிலில் நுழைந்த ஓர் இளம்பெண்ணின் வாழ்விலிருந்து, எத்தொழிலுக்கும் பொருந்தும் ஒரு நீதியை எடுத்துச் சொல்லவே விரும்புகிறோம். திறமையை அளக்கும் கோல் ஆணுக்கு ஒன்றும் பெண்ணுக்கு ஒன்றுமாக இருத்தல் ஆகாது என்பதே அந்நீதி.

தென் கொரியாவைச் சேர்ந்தவர் கிம் சே-யோன். ஆட்டக்களத்தில் அவர் சூடிக்கொண்ட பெயர் 'கெகுரி'. கொரிய மொழியில் அதற்குத் தவளை என்று பொருள். 2016-ஆம் ஆண்டு மே மாதம் 'ஓவர்வாட்ச்' என்னும் கணினி விளையாட்டு வெளிவந்தது. ஓர் அணிக்கு அறுவராக நின்று பொருதும் ஆட்டம் அது. அதில் சார்யா என்னும் பாத்திரத்தை ஏற்று ஆடுவதில் கெகுரி வல்லவரானார். பகைவர் மீது ஒளிக்கற்றையை விலகாமல் செலுத்த வேண்டும். அதே நேரத்தில் தம் அணியினர்க்குக் கேடயமும் இட வேண்டும். கண்ணும் கையும் கருத்தும் ஒருசேர உழைத்தாலன்றி இது கைகூடாது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஒரு தகுதிச் சுற்றில் அவருடைய அணி வென்றது. அவருக்கு அப்போது வயது 17. தோற்ற அணியினர் சிலருக்கு அவருடைய குறி தவறாமையை நம்ப மனம் வரவில்லை. குறியைத் தானே பிடித்துக் கொடுக்கும் கள்ள மென்பொருளை அவர் பயன்படுத்துகிறார் என்று பழி சுமத்தினர். தங்கள் கூற்று பொய்யானால் ஆட்டத்தையே விட்டு விலகுவதாக இருவர் சூளுரைத்தனர். மிரட்டல் சொற்களும் எழுந்தன. பதினேழு வயதுப் பெண்ணொருத்தி வீட்டில் அமர்ந்து இவற்றையெல்லாம் கேட்டாள் என்றால், அவள் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

அந்த விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தின் கொரியக் கிளை, அவர் எந்தக் கள்ள வழியையும் கையாளவில்லை என்று கூறியது. அவரும் விளையாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்றின் படப்பிடிப்புக் கூடத்திற்கு நேரில் வந்தார். முகத்தை முகமூடியால் மறைத்துக்கொண்டார். கையை மட்டும் மறைக்கவில்லை. மவுஸைப் பற்றிய அவருடைய கையை ஒரு கேமரா காட்டியது. திரையில் நடந்த ஆட்டமும் உடன் காட்டப்பட்டது. மக்கள் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஆடினார். முன்பு எப்படி ஆடினாரோ அப்படியே ஆடினார். பழி தூளாயிற்று. சூளுரைத்த இருவரும் விலகினர். தவளை தன் வாயால் கெடும் என்பது நம் பழமொழி. இந்தத் தவளையோ வாய் திறந்து வாதாடவில்லை. தன் கையால் வென்றது.

நாம் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஐயம் கொள்வது குற்றமா? குற்றமன்று. கணினி விளையாட்டில் ஏமாற்றுவோர் உண்டு. தேர்வில் பார்த்து எழுதுவோர் இருப்பதால்தானே மேற்பார்வையாளர் இருக்கிறார்? ஆனால் மேற்பார்வையாளர் வகுப்பு முழுவதையும் பார்க்கிறார். ஒருத்தியை மட்டும் எழுப்பி நிறுத்தி, "இவ்வளவு நன்றாக நீ எழுதியிருக்க முடியாது" என்று சொல்வாரானால் அது மேற்பார்வையன்று, அவமதிப்பு. குறி தவறாமல் ஆடும் இளைஞனைக் கண்டால் 'மேதை' என்பதும், அதே ஆட்டத்தை ஒரு பெண் ஆடினால் 'மோசடி' என்பதும் எந்த ஊர் நியாயம்?

நிற்க. பழி நீங்கியதும் வழி திறந்துவிடவில்லை. 2017-இல் கொரியாவின் புகழ்பெற்ற தொடரொன்றில் ஆடிய முதல் பெண் என்ற பெயரைக் கெகுரி பெற்றார். ஆயினும், 2018 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 12 அணிகளுடன் 'ஓவர்வாட்ச் லீக்' தொடங்கியபோது, அவ்வணிகளில் ஒரு பெண்கூட இல்லை. கெகுரியை ஏன் சேர்க்கவில்லை என்று செய்தியாளர் கேட்டபோது, ஓர் அணியின் பொறுப்பாளர்கள் பல காரணங்கள் கூறினர். வீரர்கள் ஒரே வீட்டில் தங்குகிறார்கள், மொழி வேறு, விளம்பரத்திற்காகச் சேர்த்தோம் என்று ஊர் பேசும் என்றனர்.

பெண்ணைப் பெற்றோர்க்குத் தங்குமிடக் கவலை புதிதன்று. அக்கவலையை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் அதற்கு ஏற்ற விடை தனி அறையா, அல்லது வேலையே இல்லை என்பதா? வெளியூரில் படிக்கவும் பணியாற்றவும் செல்லும் பெண்களுக்கு விடுதிகள் எழும்பியது எப்படி? இடமில்லை என்று எல்லாரும் கைவிரித்திருந்தால் எத்தனை மருத்துவர்களையும் ஆசிரியைகளையும் நாடு இழந்திருக்கும்!

2018 பிப்ரவரியில் 'ஷாங்காய் டிராகன்ஸ்' என்னும் சீன அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஏப்ரலில் அவர் களம் இறங்கினார். லீகில் ஆடிய முதல் பெண் அவரே. சேர்ந்த அணியோ வெற்றியைக் காணாத அணி. அவ்வணியினர் நாளொன்றுக்கு 12 மணி நேரமாக, வாரத்தில் 6 நாள் பயிற்சி செய்வதாக அந்நாளில் செய்திகள் வந்தன. விளையாடிப் பிழைப்பது எளிது என்று எண்ணும் தோழியர் இக்கணக்கைச் சற்று மனத்தில் கொள்க! இவ்வளவு உழைத்தும் அந்தப் பருவத்தின் 40 ஆட்டங்களிலும் அணி தோற்றது. பன்மொழி பேசுவோர் கூடிய அணியில், தோல்வி மேல் தோல்வியாக அவர்கள் நாள்களைக் கழித்தனர். 2019 பிப்ரவரியில்தான், தொடர்ந்து 42 தோல்விகளுக்குப் பின், பாஸ்டன் அணியை வென்று முதல் வெற்றியைச் சுவைத்தனர். அதே ஆண்டு ஜூலையில் அந்த அணி லீகின் ஒரு கட்டத்தின் கோப்பையையும் வென்றது. அவ்வாண்டு 'டைம்' இதழ் தெரிந்தெடுத்த அடுத்த தலைமுறைத் தலைவர்களின் வரிசையில் கெகுரியும் இடம் பெற்றார்.

'முதல் பெண்' என்னும் பட்டம் காதுக்கு இனியது, தோளுக்குச் சுமையானது. ஓர் இளைஞன் தவறாக ஆடினால் அது அவன் தவறு. முதல் பெண் தவறாக ஆடினால், "பெண்களே இப்படித்தான்" என்கிறது உலகம். ஆகவே புகழ்மாலை சூட்டுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. இரண்டாம் பெண்ணும் மூன்றாம் பெண்ணும் வந்து, 'முதல்' என்ற சொல்லுக்கே தேவையில்லாத நிலை ஏற்பட வேண்டும். அன்றுதான் கெகுரி போன்றோர் வெறும் ஆட்டக்காரராக, நிம்மதியாக, வெல்லவும் தோற்கவும் முடியும்.

இவ்வளவும் சொன்னபின், நாணயத்தின் மறுபக்கத்தையும் காட்டாவிடில் நாம் நேர்மையற்றவராவோம். இத்தொழில் குறுகிய காலத் தொழில். 2020-ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பின் கெகுரி அந்த அணியை விட்டு விலகியபோது அவருக்கு வயது 21. பிற பணிகளில் மற்றவர் காலெடுத்து வைக்கும் வயது அது. அந்த லீகும் 2023-ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. அணியை விட்ட ஆட்டக்காரர் பலர், தாம் ஆடுவதை நேரலையில் காட்டி, பார்ப்போர் தரும் பணத்தாலும் விளம்பரத்தாலும் வாழ்கின்றனர். அதிலும் நிலைப்பில்லை. 'ட்விட்ச்' என்னும் நேரலைத் தளம், செலவு மிகுதி என்று கூறி 2024 பிப்ரவரியில் கொரியாவில் தன் கடையை மூடியது. அதை நம்பியிருந்தோர் வேறு தளங்களைத் தேடிச் செல்ல நேர்ந்தது. உழைப்பு நம்முடையது, களம் மட்டும் பிறருடையது. இதனை உணர்ந்தவரே இத்துறையில் இறங்க வேண்டும். படிப்பைக் கைவிடாமல் இறங்க வேண்டும்.

பெற்றோரின் அச்சத்திற்கும் காரணம் உண்டு. கணினி விளையாட்டின் தாயகம் போன்ற தென் கொரியாவிலேயே, 16 வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடுவதை 2011-இல் சட்டம் தடுத்தது; 2022-இன் தொடக்கத்தில்தான் அச்சட்டம் நீங்கியது. விளையாட்டுக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் நோய்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. தூக்கத்தைத் தின்னும் ஆட்டமும், அட்டவணை இட்டு ஆசிரியரின் கீழ்ப் பயிலும் ஆட்டமும் ஒன்றல்ல. முன்னது நம்மை ஆட்டுகிறது. பின்னதை நாம் ஆடுகிறோம்.

ஆதலின், பெற்றோரே, உங்கள் மகள் ஒரு துறையில் ஆர்வம் காட்டினால், "பெண்ணுக்கு இது எதற்கு?" என்று கேட்காதீர்கள். "இதற்கு எவ்வளவு உழைப்பாய்? இது எத்தனை ஆண்டு சோறு போடும்?" என்று கேளுங்கள். மகனிடம் கேட்கும் கேள்வியையே மகளிடமும் கேளுங்கள். தோழியரே, நம்முள் ஒருத்தி கணக்கில் நூற்றுக்கு நூறு பெற்றாலும், ஓட்டத்தில் முந்தினாலும், "எப்படியோ வாங்கிவிட்டாள்" என்று முணுமுணுப்போர் வரிசையில் நாமும் நின்றுவிட வேண்டாம். பெண்ணின் திறமையைப் பெண்ணே நம்பாவிடில் வேறு யார் நம்புவார்?

நம் மீது பழி வந்தாலோ கலங்க வேண்டாம். கேட்போர் நேர்மையாகக் கேட்டால் நம் செயலைத் திறந்து காட்டுவோம். திறந்து காட்டிய பின்னும் நம்ப மறுப்பவர்க்காக வாழ்நாளை வீணாக்க வேண்டாம். அடுத்த ஆட்டத்திற்கு ஆயத்தமாவோம். ஒளிக்க ஒன்றுமில்லாத கையே ஒருத்திக்குப் பெருஞ்செல்வம். அக்கையைப் பெற உழைப்போம். அத்தகைய கையைக் கண்டால், அது யாருடையது என்று கேளாமல் போற்றுவோம்.