கிரேக்கத் தேன்: உணவா, மருந்தா?

நோயாளிகளைக் காண வரும் உறவினர்கள் வெறுங்கையுடன் வருவதில்லை. பழங்களுக்கும் சத்துமாவுக்கும் இடையே இப்போது வெளிநாட்டுத் தேன் புட்டிகளும் இடம்பெறுகின்றன. அவற்றுள் கிரேக்க நாட்டு மலர்த்தேனுக்கு விலையும் அதிகம், பெயரும் அதிகம். அதைக் கொடுத்தால் நோய் விரைவில் குணமாகுமா என்று கேட்போருக்கு எங்கள் கருத்தை இங்கே தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். அது சிறந்த உணவுப்பொருள். ஆனால், மருத்துவர் எழுதிக்கொடுத்த எந்த மருந்துக்கும் அது மாற்றாகாது.

அத்தேனின் பெருமை விளம்பரத்தால் வந்ததன்று. ஏதென்ஸ் நகரை ஒட்டியுள்ள இமெட்டோஸ் மலையின் தேன் பண்டைக் காலத்திலேயே புகழ்பெற்றிருந்தது. அம்மலையில் வளரும் தைம் என்னும் மணச்செடியின் பூக்களே அப்புகழுக்குக் காரணம். ஒருவர் தம் தேனீக்கூடுகளை மற்றவருடைய கூடுகளிலிருந்து 300 அடி தள்ளியே வைக்கவேண்டும் என்று சோலோன் சட்டம் வகுத்ததாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். அரிஸ்டாட்டில் தேனீக்களின் வாழ்வை விரிவாக ஆராய்ந்தார். ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்கள், தேனும் வினிகரும் கலந்த பானத்தை நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தன. சூரணத்தைத் தேனில் குழைத்து உண்ணும் நம் சித்த மருத்துவ மரபினருக்கு இது வியப்பளிக்காது.

இன்றும் கிரீட் முதலிய தீவுகளில் கோடைக்காலத்தில் தைம் தேன் எடுக்கப்படுகிறது. பொன்னிறமும் அழுத்தமான நறுமணமும் அதன் அடையாளங்கள். எனினும், கிரேக்கத் தேன் அனைத்தும் மலர்த்தேன் அன்று. அந்நாட்டு விளைச்சலில் பாதிக்குமேல் பைன் தேனே. பைன் மரச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி வெளியிடும் இனிப்புநீரைத் தேனீக்கள் திரட்டுவதால் அது உண்டாகிறது. பைன் தேன் எளிதில் உறையாது. மலர்த்தேன் நாளடைவில் உறையும். உறைந்த தேனைக் கலப்படம் என்று கொட்டிவிட வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்தால் அது இளகிவிடும்.

தேனின் நன்மைகளை மருத்துவ அறிவியல் மறுக்கவில்லை. சளியோடு வரும் இருமலைத் தேன் தணிக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. 2019இல் வெளியான இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதலும் அதை ஏற்றுள்ளது. ஆனால் அது எந்த நாட்டுத் தேன் என்று பிரித்துரைக்கவில்லை. நம் ஊர்த் தூய தேனும் அதே பயனைத் தரும். கிரேக்கத் தேனுக்குத் தரும் கூடுதல் விலை அதன் சுவைக்கும் மணத்திற்குமே.

மூன்று செய்திகளை நோயாளியின் குடும்பத்தார் மறவாதிருக்க வேண்டும்.

முதலாவது, நீரிழிவு. தேனில் ஏறத்தாழ 80 விழுக்காடு சர்க்கரையே. ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை உள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், குறைத்து உண்ணவேண்டிய சர்க்கரை வகையிலேயே தேனைச் சேர்த்துள்ளது. "இயற்கையானது" என்பதால் இரத்தச் சர்க்கரை உயராமல் இருக்காது. தேன் சாப்பிடுகிறோம் என்று மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவது பேராபத்து. சர்க்கரை திடீரெனக் குறைந்து நடுக்கமும் வியர்வையும் வரும்போது, நினைவோடு இருப்பவருக்கு ஒரு மேசைக்கரண்டித் தேன் உதவும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

இரண்டாவது, கைக்குழந்தைகள். கிரீட் தீவில் குழந்தை ஜீயஸ் தேனுண்டு வளர்ந்ததாகக் கிரேக்கப் புராணம் கூறுகிறது. நம் வீடுகளிலும் பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் உண்டு. ஓராண்டு நிறையாத குழந்தைக்கு ஒரு துளித் தேனும் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான அறிவுரை. தேனில் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். அவை குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கினால் தசைகள் தளர்ந்து மூச்சுத் திணறலும் ஏற்படலாம். வீட்டில் தேனைச் சூடாக்குவதால் அவ்வித்துகள் அழியமாட்டா.

மூன்றாவது, புண்கள். ஆழமற்ற தீக்காயங்கள் தேன் கட்டினால் விரைவில் ஆறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்குப் பயன்படுவது, காமா கதிர்களால் கிருமிநீக்கம் செய்யப்பட்ட மருத்துவத் தேன். சமையலறைப் புட்டியிலுள்ள தேனை, எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், புண்ணில் தடவாதீர்கள். நீரிழிவு நோயாளியின் பாதப் புண்ணுக்குத் தேன் வைத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் காலை இழக்கும் அபாயத்தைக் கூட்டும்.

அன்போடு வந்த பரிசைத் திருப்பியனுப்ப வேண்டியதில்லை. புட்டியைத் திறக்குமுன் செவிலியரிடமோ உணவியல் வல்லுநரிடமோ ஒரு சொல் கேளுங்கள். நோயாளிக்கு எவ்வளவு தரலாம், எப்போது தரலாம் என்பதை அவர் கூறுவார். நோயாளி உண்ணக்கூடாதெனில், ஓராண்டு கடந்த குழந்தைகளோடு வீட்டிலுள்ளோர் அதைச் சுவைத்து மகிழலாம்.