இருள் எல்லோர்க்கும் ஒன்றன்று

மின்வெட்டு என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன அணைந்த விளக்கும் நின்ற விசிறியுந்தாம். ஆனால் மூச்சுக்கும் படுக்கைக்கும் நடமாட்டத்துக்கும் மின்சாரத்தையே நம்பி வாழும் ஒருவருக்கு அதே மின்வெட்டு உயிர்ப் பிரச்சினையாகும். இவ்வேற்றுமையை வீட்டாரும் ஊராரும் மின்சார நிருவாகத்தினரும் உணர்ந்து, முன்கூட்டியே செயலாற்ற வேண்டுமென்பதே நாம் இன்று வற்புறுத்துவது.

2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் இந்நாட்டு மக்கள் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரமின்றித் தவித்தனர். அதற்கு நேர அட்டவணையாவது இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதியோ, பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கொன்று புகுந்தமையே காரணமெனக் கூறப்பட்ட கோளாறினால், எவ்வித முன்னறிவித்தலுமின்றித் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. மாரியில் காற்றடித்தால் மரம் சாய்வதும் கம்பி அறுவதும் நாம் அறியாதவையல்ல. ஆகவே மின்தடை வருமா, வராதா என்று வாதிடுவதிற் பயனில்லை. வரும்பொழுது என் செய்வது என்பதே கேள்வி.

2009இல் முடிந்த போர் எமது மண்ணில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் பலரை விட்டுச் சென்றிருக்கிறது. அவர்களிற் சிலர் படுக்கும் காற்று மெத்தை சிறியதொரு மின் பம்பியினால் இயங்குவது. பம்பி நின்றால் மெத்தை தளரும்; உணர்வற்ற உடலிற் படுக்கைப் புண் தொடங்கச் சில மணித்தியாலங்களே போதும். கழுத்தளவில் முள்ளந்தண்டு சேதமுற்றோருக்கு வியர்ப்பதும் குன்றிவிடும். சித்திரை வெயிலில் விசிறி நின்றால் அவர்கள் உடலில் வெப்பம் ஏறும். கிணற்றில் நீர் நிறைந்திருந்தும், மின் பம்பி இயங்காவிட்டால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்நீர் எட்டாத நீரே. துலா மிதிக்கவும் வாளியில் அள்ளவும் அவரால் இயலுமா?

ஒரு பற்றறி வாங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உளர். கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி அளவுள்ள ஈயப் பற்றறி ஒன்றில் 1200 வாற்று-மணி மின்சாரம் அடங்கும். பற்றறி கெடாதிருக்க அதிற் பாதியையே எடுக்கலாம். மெத்தைப் பம்பிக்கு வேண்டியது ஏறத்தாழ 10 வாற்று. அதனை ஒரு முழு நாளைக்கு மேலும் இயக்கலாம். ஒட்சிசன் செறிவாக்கும் கருவிக்கு 300 வாற்றுக்கு மேல் வேண்டும். அது இரண்டு மணித்தியாலங்கூட ஓடாது. ஆகையால் அவ்வீட்டில் ஒட்சிசன் உருளை இருந்தே ஆகவேண்டும். 680 லீற்றர் கொண்ட உருளை, நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் 5 மணி 40 நிமிடம் வரும். 13 மணித்தியால மின்வெட்டுக்கு இத்தகைய உருளைகள் மூன்று தேவை. எந்தக் கருவிக்கு எவ்வளவு நேரம் என்ற இக்கணக்கை வைத்தியரிடம் கேட்டு, எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தல் முதற்கடன்.

ஏனையவை பெருஞ் செலவில்லாதவை. மெத்தை தளர்ந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதற்கு வருவோர் இருவரின் பெயரை முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். கையெட்டும் உயரத்தில் இரண்டு நாளைக்கான நீரும், உடலைக் குளிர்விக்க ஈரத்துணியும் வேண்டும். மின் சக்கர நாற்காலியின் பற்றறியை அன்றாடம் நிரப்பிவைக்க வேண்டும். ஒட்சிசன் உள்ள அறையில் மெழுகுதிரியோ மண்ணெண்ணெய் விளக்கோ ஏற்றலாகாது. மின்பிறப்பாக்கியை வீட்டினுள் இயக்கினால் அதன் நச்சுப்புகை ஆளைக் கொல்லும். 1990 என்ற அவசர நோயாளர் வண்டி இலக்கத்தையும் உறவினர் இலக்கங்களையும் தாளில் எழுதிவைத்தல் நன்று. கைத்தொலைபேசியும் மின்சாரத்தை நம்பியதுதானே!

வீட்டார் இவ்வளவுஞ் செய்த பின்னும் ஊராரின் பங்கு எஞ்சி நிற்கிறது. கமக்காரரிடம் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் உண்டு. அயல்வீட்டுத் தொட்டியை நிரப்ப அதற்கு எத்தனை நிமிடம் பிடிக்கும்? சனசமூக நிலையத்தார் தம் எல்லைக்குட்பட்ட இத்தகைய வீடுகளை ஒரு கொப்பியிற் குறித்து வைக்கலாம். வைத்தியர்கள் கருவியின் தேவையை உறுதிப்படுத்திக் கடிதம் வழங்கலாம். பொறியியலாளர்கள் பற்றறி இணைப்புகளைப் பார்வையிட்டுக் கொடுக்கலாம். சட்டத்தரணிகள் ஊர்மக்களின் விண்ணப்பங்களை வரைந்து உதவலாம்.

இனி அரசின் கடமை. ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில், உயிர்காக்கும் கருவி உள்ள வீடுகளை மின்சாரம் வழங்குவோர் பதிவு செய்தாக வேண்டும். திட்டமிட்ட மின்தடை எனின், அவ்வீடுகளுக்குக் குறைந்தது 4 வேலைநாள்களுக்கு முன்னரே எழுத்தில் அறிவித்தாக வேண்டும். பிரித்தானியாவிலும் இத்தகையோருக்கென முன்னுரிமைப் பதிவேடு உண்டு. வலுவிழந்தோரின் உரிமைகளைக் காக்க இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவர்களது உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் 2016இல் இந்நாடு ஏற்றுறுதி செய்தது. ஆபத்து வேளைகளில் அவர்களைக் காப்பது அரசின் பொறுப்பென அதன் 11ஆம் உறுப்புரை கூறுகிறது. கையொப்பம் தாளில் இருந்தாற் போதுமா?

எமது கோரிக்கை பெரிதன்று. பிரதேச செயலகமும் மின்சார அலுவலகமும் ஒன்றுசேர்ந்து இத்தகைய வீடுகளின் பதிவேட்டைப் பேணட்டும். கம்பி திருத்தும் நாளை அவ்வீட்டாருக்குத் தமிழில், முன்னதாகவே அறிவிக்கட்டும். புயலில் அறுந்த இணைப்புகளைப் பொருத்தும்போது அவ்வீடுகளை முதலிற் கவனிக்கட்டும். இதற்குப் புதிய ஆலையும் வேண்டாம், அந்நியக் கடனும் வேண்டாம். ஒரு பதிவேடும், அதைத் திறந்து பார்க்கும் பொறுப்புணர்ச்சியுமே வேண்டும்.

அதுவரை நாம் கைகட்டி இருத்தல் தகாது. அடுத்த மாரி வருமுன், ஒவ்வோர் ஊரிலும் அந்தக் கொப்பியின் முதற்பக்கம் எழுதப்படட்டும்.