புளியங்கொட்டையும் தெர்மகோலும்

விடுமுறை கழிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த மறுவாரம், தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஒரு நண்பர் என்னிடம் முறையிட்டார். "ஒரு வாரமா ஸ்கூல்ல ஒண்ணுமே நடத்தலை சார். பையன் புளியங்கொட்டையை எண்ணிண்டு உட்கார்ந்திருக்கான். இதுக்கா பீஸ் கட்டறேன்?" குரோம்பேட்டை வருவதற்குள் பெட்டியில் நாலு பேர் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றும் நடத்தவில்லையாம்! ஏழு வயதுப் பையன் கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து, மூன்று குவியலும் உதிரி நாலும் சேர்ந்தால் முப்பத்து நாலு என்று தானே கண்டுபிடிக்கிறான். இதற்கு மேல் என்ன நடத்த வேண்டும்? கரும்பலகையில் 34 என்று எழுதி நூறு தரம் கத்த வைத்தால் சத்தம் வரும், கணக்கு வருமா? கோடையில் பாதியை மறந்துவிட்டு வந்த பிள்ளைக்கு, விட்ட இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுவதுதான் முறை.

இது நேற்று முளைத்த நாகரிகமும் அல்ல. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-லேயே பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தத்தில் இத்தாலி இறங்கியதும் எதிரி நாட்டுப் பிரஜையாகிவிட்டார். ஐரோப்பா திரும்ப 1946 ஆயிற்று. தாம்பரத்துக்கும் அடையாறுக்கும் எவ்வளவு தூரம்? ஆனாலும் அந்த முறை வெகுகாலம் வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளின் சொத்தாகவே இருந்தது. 2003-ல்தான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், குழந்தைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் ஆரம்பித்தது. 2007-ல் மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளுக்குப் பரவியது. பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய கதவு சின்னக் குழந்தைகளுக்கு 2021 நவம்பரில் திறந்தது. பத்தொன்பது மாத விடுமுறை! அதன்பின் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், மூன்றாம் வகுப்பு என்பதற்காக எழுத்தறியாத பிள்ளையிடம் மூன்றாம் வகுப்புப் பாடத்தை நீட்டவில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் படியைப் பார்த்துத் தொடங்கியது.

நம் மத்தியதர வர்க்கம் விரும்பும் செயல்முறை வேறு. என் மகள் மூன்றாம் வகுப்பு படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். விடுமுறை முடிந்து வரும்போது ஏரி மாதிரி ஒன்று செய்துவரச் சொன்னார்கள். இரவு பதினொரு மணிக்குத் தெர்மகோலை அறுத்தவன் நான். நீல வர்ணம் பூசியவள் என் மனைவி. குழந்தை தூங்கிவிட்டாள். மறுநாள் அதற்குப் பரிசு. "அப்பா, உனக்குத்தான் முதல் பிரைஸ்" என்று வந்து சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் செம்பாக்கம் ஏரி இருக்கிறது, நிஜமான ஏரி. ஒரு மாலை அவளைக் கரைக்குக் கூட்டிப் போக எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அரசுப் பள்ளிகளில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே உபாத்தியாயினி இரண்டு மூன்று வகுப்புகளைச் சமாளித்துக்கொண்டு, நடுவில் மதிப்பீட்டு விவரங்களைக் கைபேசியில் ஏற்றவும் வேண்டுமென்றால் புளியங்கொட்டை மூலையில்தான் கிடக்கும். சண்டை போட ஆசையிருந்தால் அதற்குப் போடுங்கள். இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று கேளுங்கள்.

ரயில் நண்பரைச் சென்ற வாரம் மறுபடியும் சந்தித்தேன். பையனை டியூஷனில் சேர்த்துவிட்டாராம். "பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் ஒப்பிக்கறான் சார்!" என்றார் பெருமையாக.

"கடைக்கு அனுப்பிச் சாமான் வாங்கிவரச் சொல்வதுண்டா?" என்று கேட்டேன்.

"அது எப்படி சார்? மீதிச் சில்லறையை எண்ணி வாங்கத் தெரியாதே அவனுக்கு!" என்று சொல்லிக்கொண்டே பல்லாவரத்தில் இறங்கிவிட்டார்.