போன் நம்பர் நம்முடையது, அபராதம் சர்க்காருக்கு!

சென்னை தி.நகரில் துணி எடுத்தாலும் சரி, மயிலாப்பூரில் மருந்து வாங்கினாலும் சரி, பில் போடும் இடத்தில் முதல் கேள்வி இதுதான்: "போன் நம்பர் சொல்லுங்க."

வாங்குகிறவரும் மறுபேச்சு இல்லாமல் பத்து இலக்கத்தையும் ஒப்பிக்கிறார். வரிசையில் நிற்கும் நாலு பேர் காதிலும் அது விழுகிறது. அப்புறம் "லோன் வேணுமா சார்?" என்று போன் வந்தால் யாரைக் கேட்பது?

நம்பர் கொடுத்தால்தான் ஆச்சு என்று கடைக்காரர்கள் அடம் பிடிக்கக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுரை கூறியது. அறிவுரைதானே! கேட்பது நிற்கவில்லை.

புதிய சட்டம்

அதே ஆண்டு ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கான விதிகள் வெளிவந்ததோ 2025 நவம்பரில். பொதுமக்களுக்கு உரிமை தரும் பிரிவுகளுக்கு அதிலும் 18 மாத அவகாசம். அதாவது 2027 மே மாதம்!

சட்டத்தில் நல்லது இல்லாமல் இல்லை. நம்பர் எதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். கொடுத்த சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். "என் விவரத்தை அழி" என்றும் கேட்கலாம். ஆனால் விவரம் உனக்கே சொந்தம் என்று சட்டம் எந்த இடத்திலும் சொல்லவில்லை. (அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் நீட்டும் நோட்டு கம்ப்யூட்டரில் ஏறாதவரை இந்தச் சட்டத்தில் வராது!)

ரூ.250 கோடி

விவரங்களைப் பாதுகாக்கத் தவறும் கம்பெனிக்கு ரூ.250 கோடி வரை அபராதம் போடலாம். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. அந்தப் பணம் போகும் இடம் மத்திய அரசின் தொகுப்பு நிதி. விவரம் பறிபோனவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

இதைவிட வேடிக்கை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. பேங்க் விவரம், மருத்துவ விவரம் போன்றவற்றைக் காக்காமல் அலட்சியமாக இருந்த கம்பெனி, பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்கிறது அது. புதிய சட்டம் முழுமையாக அமலுக்கு வரும் நாளில் அந்தப் பிரிவு நீக்கப்படும். இருந்த ஒரு வழியும் அடைபட்டு விடும்.

போதாக்குறைக்கு, பொய்ப் புகாரோ அற்பப் புகாரோ கொடுத்தால், கொடுத்தவருக்கே ரூ.10 ஆயிரம் வரை அபராதம். எது அற்பம்? ஒரு போன் நம்பர் போனது அற்பமா?

முதலில் கம்பெனியிடம் முறையிட வேண்டும். பதில் சொல்ல அதற்கு 90 நாள் வரை அவகாசம். பிறகுதான் தகவல் பாதுகாப்பு வாரியம். புகார் வாங்குவது முதல் முடிவு சொல்வது வரை அங்கே எல்லாமே முடிந்தவரை கம்ப்யூட்டர் வழியாகத்தான். பட்டனைத் தட்டத் தெரியாத பாட்டியம்மா, நம்பரைப் பறிகொடுத்தது போதாதென்று, புகார் எழுதவும் பேரனைத்தான் தேட வேண்டும்.