தங்கம் தேடும் கருவி: காயிலை ஒப்பிடும் முன் கொஞ்சம் யோசியுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இணைய இணைப்பும் வந்துவிட்டது. இனி எதை வேண்டுமானாலும் தேடலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பள்ளிப் பாடம் தேடுகிறார்கள், வேலை தேடுகிறார்கள், பாட்டு தேடுகிறார்கள். எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் சிலர் புதையலும் தேடுகிறார்கள்.

சிரிக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், மகளின் கல்லூரிப் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கியவர், ஒரு நாள் கையில் பிரிண்ட் அவுட்டோடு என்னிடம் வந்தார். நிலத்தை உழும்போது அவருக்கு ஒரு பழைய செப்புக்காசு கிடைத்திருந்தது. "ஒண்ணு கிடைச்சிருக்கு தம்பி, அப்ப கீழே ஒரு பானை இருக்கணும்ல?" என்றார். பிரிண்ட் அவுட்டில் ஒரு விளம்பரம். 10 மீட்டர் ஆழத்தில் உள்ள தங்கத்தைக் காட்டுமாம், வைரத்தையும் காட்டுமாம். "எதுக்கு எந்தக் காயில் நல்லதுன்னு நீதான் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லணும்" என்றார். பணத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வீட்டில் உள்ள நகையை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார்.

கையில் இருக்கும் தங்கத்தை அடகு வைத்து, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத தங்கத்தைத் தேடுவது! அன்று அவருக்கு நான் சொன்னதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

மெட்டல் டிடெக்டர் என்பது மந்திரக்கோல் அல்ல. கைப்பிடியின் அடியில் உள்ள வட்டமான தட்டுதான் காயில். அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்று மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறிய மின்னோட்டம் சுழலும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் பதில் காந்தப்புலத்தை இரண்டாவது சுருள் பிடிக்கிறது. உடனே 'பீப்' ஒலி வருகிறது.

இந்த யோசனை மிகவும் பழையது. 1881ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட, டெலிபோனுக்காகப் புகழ்பெற்ற கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியைக் கொண்டு வந்தார். குண்டு கிடைக்கவில்லை. கட்டில் மெத்தையில் இருந்த உலோகக் கம்பிகளே கருவியைக் குழப்பிவிட்டன. அந்தக் குழப்பம் இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை.

எதை ஒப்பிட வேண்டும்?

கம்ப்யூட்டர் வாங்கும்போது ஜிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்று சொல்வோம் அல்லவா? இங்கேயும் அதே கதைதான். மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது அலைவரிசை. சாதாரண வி.எல்.எஃப். வகைக் கருவிகள் பெரும்பாலும் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையில் வேலை செய்கின்றன. குறைந்த அலைவரிசை செம்பு, வெள்ளி நாணயங்களுக்கு நல்லது. மெல்லிய, சிறிய தங்கத் துண்டுகளுக்கு அதிக அலைவரிசை வேண்டும். உதாரணமாக, புதியவர்கள் அதிகம் வாங்கிய காரட் ஏஸ் 250 கருவி 6.5 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது. 2018ல் வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பக் கூடியது. பல்ஸ் இண்டக்ஷன் என்று தனி வகையும் உண்டு. அது தாது நிறைந்த மண்ணிலும் ஆழமாகப் பார்க்கும். ஆனால் இரும்பு எது, தங்கம் எது என்று பிரித்துச் சொல்வதில் வீக்.

இரண்டாவது காயிலின் அமைப்பு. கான்சென்ட்ரிக் காயிலில் ஒரு வட்டச் சுருளுக்குள் இன்னொரு வட்டச் சுருள் இருக்கும். அது தேடும் பகுதி கூம்பு வடிவம். பொருள் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகக் காட்டும். ஆனால் தாது கலந்த மண்ணில் தடுமாறும். டபுள் டி காயிலில் ஆங்கில 'டி' எழுத்து வடிவச் சுருள்கள் இரண்டு நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அது நடுவில் உள்ள ஒடுங்கிய பட்டையில் மட்டும் தேடுவதால் மண்ணின் தொந்தரவு குறைவு.

எங்கள் ஊருக்கு இது முக்கியம். பக்கத்திலேயே கவுத்திமலையிலும் வேடியப்பன்மலையிலும் மேக்னடைட் வகை இரும்புத் தாது இருக்கிறது. அதை வெட்டியெடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடியது பலருக்கும் நினைவிருக்கும். இப்படிப்பட்ட மண்ணில் மண்ணே 'பீப்' என்று கத்தும். எனவே இந்தப் பகுதிக்கு டபுள் டி காயிலும், மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் வசதியும் தேவை.

மூன்றாவது காயிலின் அளவு. பெரிய காயில் ஆழமாகப் பார்க்கும். ஆனால் மூக்குத்தி மாதிரிப் பொடிப் பொருளைத் தவறவிடும். 5, 6 அங்குலச் சிறிய காயில் ஆழம் போகாது. ஆனால் குப்பைக்கு நடுவே கிடக்கும் மோதிரத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதன் ஓரத்தில் பாக்குப் பொட்டலத் தாளும் பாட்டில் மூடியும் எவ்வளவு கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே பெரிய காயிலோடு போனால் பைத்தியமே பிடித்துவிடும்.

சரி, குப்பையை ஒதுக்கும்படி செட்டிங் செய்துவிட்டால்? டிஸ்கிரிமினேஷன் என்ற அந்த வசதி, நம் ஈமெயிலில் உள்ள ஸ்பாம் வடிகட்டி மாதிரி. சில சமயம் முக்கியமான கடிதத்தையும் ஸ்பாமில் தள்ளிவிடும் அல்லவா? சிறிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும். தாளை ஒதுக்கினால் தங்கமும் ஒதுங்கிவிடும்.

10 மீட்டர் கதை

விளம்பரத்தில் சொன்ன ஆழத்துக்கு வருவோம். காந்தப்புலம் போகும்போதும் தேய்கிறது, திரும்பி வரும்போதும் தேய்கிறது. காயிலின் அளவைத் தாண்டித் தூரம் போகப் போக, தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் ஏறக்குறைய 64ல் ஒரு பங்காகிவிடும். ஒற்றை நாணயத்தை ஓர் அடி ஆழத்தில் காட்டினாலே அது நல்ல கருவி. பானை அளவுப் பொருளைக் கொஞ்சம் அதிக ஆழத்தில் காட்டும் இரட்டைப் பெட்டிக் கருவிகள் உண்டு. அவையும் ஒரு தனி நாணயத்தைக் காட்டாது. வைரம் உலோகமே அல்ல. எனவே வைரத்தைக் காட்டும் மெட்டல் டிடெக்டர் என்று எவராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக் கொள்ளலாம்.

தூரத்தில் நின்றபடியே ஆன்டெனாவை ஆட்டித் தங்கம் இருக்கும் திசையைக் காட்டும் கருவிகளும் விற்பனைக்கு வருகின்றன. இந்த மாதிரி ஏமாற்று உலக அளவிலும் நடந்துள்ளது. கோல்ஃப் பந்து தேடுவதாகச் சொல்லி விற்ற ஒரு விளையாட்டுப் பொருளின் மாதிரியில் செய்த ஆன்டெனாக் கருவியை, வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக் அரசுக்கே விற்றுவிட்டார் ஒரு பிரிட்டன் வியாபாரி. 2013ல் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஒரு அரசாங்கமே ஏமாந்தது என்றால் நாம் எம்மாத்திரம்? இரிடியம் கலசம் என்று சொல்லிப் பணம் பறித்த கதைகளும் நம் ஊரில் புதிதல்ல.

செல்போனில் டவுன்லோட் செய்யும் 'கோல்டு டிடெக்டர்' ஆப்கள் பற்றியும் கேட்கிறார்கள். இதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். போனுக்குள் திசைகாட்டிக்காக ஒரு காந்த உணரி இருக்கிறது. ஆப்பைத் திறந்தால் நம் பகுதியில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா என்று பூமியின் காந்தப்புலத்தைக் காட்டும். இப்போது இரும்பு அரிவாள்மணையின் அருகில் கொண்டு போங்கள். எண் மாறும். அடுத்து தங்க வளையலின் அருகில் கொண்டு போங்கள். அசையவே அசையாது. தங்கம் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம் அல்ல. அவ்வளவுதான் அந்த ஆப்பின் ரகசியம்.

கருவி சரியாக இருந்தாலும்...

நல்ல கருவி, சரியான காயில், எல்லாம் அமைந்துவிட்டது என்றே வைத்துக் கொள்வோம். கிடைப்பது யாருக்குச் சொந்தம்?

1878ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சொந்த நிலமானாலும் இதே விதிதான். மறைத்தால் கிடைக்க வேண்டிய பங்கும் போகும், தண்டனையும் வரும். 1972ம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயமும் சிற்பமும் தொல்பொருள் ஆகும். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்ய முடியாது. தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களிலும் கோயில் நிலத்திலும் காப்புக்காட்டிலும் அனுமதி இல்லாமல் கருவியோடு போய்த் தோண்டுவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஆனால் என் வாதம் சட்டத்துக்குப் பயந்து மட்டும் அல்ல. அந்த விவசாயி தனக்குக் கிடைத்த செப்புக்காசை என்னிடம் காட்டினார். பளபளவென்று இருந்தது. புளி போட்டுத் தேய்த்திருந்தார். அதில் எழுத்து இருந்திருக்கலாம், உருவம் இருந்திருக்கலாம். இப்போது வழுவழுப்பான செப்புத் தகடு மட்டுமே மிச்சம். எந்த ஆழத்தில் கிடந்தது, பக்கத்தில் பானை ஓடு இருந்ததா என்றால் அதுவும் அவருக்கு நினைவில்லை. அந்தக் காசு சொல்லியிருக்கக் கூடிய கதை முழுவதும் ஹார்டு டிஸ்கை ஃபார்மட் செய்தது போல அழிந்துவிட்டது. இதற்கு மட்டும் பேக்கப் கிடையாது. செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. அப்படி ஒரு கல்லின் அடியில் புதையல் இருக்கும் என்று நம்பி ஒருவர் தோண்டிச் சாய்த்துவிட்டால், அந்த வரலாற்றை எந்தக் காயிலாலும் மீட்க முடியாது.

இங்கிலாந்தில் 1992ல் நடந்ததைக் கேளுங்கள். ஹாக்ஸ்னி என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேட டிடெக்டர் வைத்திருந்த நண்பரை அழைத்தார். ரோமானியர் காலத்துத் தங்க, வெள்ளி நாணயங்கள் தட்டுப்பட்டன. அந்த நண்பர் எல்லாவற்றையும் அள்ளிவிடாமல் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார். தொல்லியல் அறிஞர்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். சுமார் 15,000 நாணயங்கள் கிடைத்தன. பொருட்களைப் பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருந்தார்கள் என்பது வரை தெரிந்தது. பரிசாக வந்த 17 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டை நண்பர் விவசாயியோடு பகிர்ந்து கொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. இப்போது அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்!

நம் ஊரிலும் நல்ல உதாரணங்கள் உண்டு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் பணியாளர்கள் தோண்டியபோது பித்தளைப் பாத்திரத்தில் 505 தங்க நாணயங்கள் கிடைத்தன. எடை 1.716 கிலோ. எங்கள் மாவட்டத்திலேயே ஜவ்வாது மலைக் கோவிலூர் சிவன் கோயிலில் 2025 நவம்பரில் திருப்பணியின்போது 103 தங்க நாணயங்கள் கிடைத்தன. இரண்டு இடத்திலும் டிடெக்டர் இல்லை, காயில் இல்லை. வேலைக்காகத் தோண்டியவர்களின் கையில்தான் தட்டுப்பட்டது. இரண்டுமே அதிகாரிகளின் பொறுப்புக்குப் போயின. அதனால்தான் இன்று நாம் அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது.

என் தீர்ப்பு

புதையலுக்காக மெட்டல் டிடெக்டர் வாங்காதீர்கள். களை எடுக்கும்போது தொலைந்த தாலிக்குண்டு, மணலில் விழுந்த மோதிரம், மண்ணுக்குள் போன குழாய், அறுக்க வேண்டிய பழைய மரத்தில் மறைந்திருக்கும் ஆணி, இவற்றைத் தேட வாங்குங்கள். அதற்கு ஒரு நடுத்தர வி.எல்.எஃப். கருவியும் சிறிய டபுள் டி காயிலும் தாராளமாகப் போதும். வாங்கும் முன் விற்பவரின் எதிரிலேயே ஒரு 5 ரூபாய் நாணயத்தை முக்கால் அடி ஆழத்தில் புதைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். முன்பணம் மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள். பழைய பொருள் எதுவும் தட்டுப்பட்டால் தோண்டுவதை நிறுத்தி, இடத்தைப் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ தெரிவித்துவிட்டு, ஆட்சியருக்கு எழுதுங்கள். புளியை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

அந்த விவசாயி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். என்னிடம் வருவதற்கு முன்பே 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டிருந்தார். அது திரும்பி வரவில்லை. நகை மட்டும் அடகுக்குப் போகவில்லை, வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அவருக்குக் கிடைத்த புதையல் அதுதான்.