அபராதம் அரசுக்கு, அலைச்சல் நோயாளிக்கு



மருத்துவத் தகவல் திருட்டு பற்றிய தங்கள் இதழின் கட்டுரை முற்றிலும் உண்மை. 2024-இல் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் மருத்துவ அறிக்கைகள் டெலிகிராமில் கசிந்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

எங்கள் வீட்டிலும் சென்ற மாதம் ஒருவன் போனில், அம்மாவின் கண் ஆபரேஷன் தேதியைப் பிசகாமல் சொல்லி, "க்ளெய்ம் பணம் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்றான். உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எண்ணை வாசிக்கவே தொடங்கிவிட்டார். போனைப் பிடுங்கி, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார் செய்தேன்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை உண்டு. அது அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் இழப்பீடு இல்லை. சட்டத்தைத் திருத்த வேண்டும். 1930 என்ற எண்ணை மருத்துவமனைச் சீட்டிலேயே தமிழில் அச்சிட வேண்டும்.

- ஒரு வாசகி, எப்போதும்வென்றான்